அயற்கூற்று

இங்கிலீஷ் இலக்கணத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் பயப்படுகிற இடம் இரண்டு. ஒன்று வாய்ஸ். இன்னொன்று ஸ்பீச். வாய்ஸாவது மூன்று நாள் உருட்டினால் பிடிபட்டுவிடும். டைரக்ட் ஸ்பீச்சை இன்டைரக்ட் ஸ்பீச்சாக மாற்றுவது அப்படி இல்லை. ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் எடுத்துச் சொல்கிற மாதிரி மாற்ற வேண்டும். மேற்கோள் குறியை எடுக்க வேண்டும். 'ஐ' என்பது 'ஹி' ஆகும். 'ஹியர்' என்பது 'தேர்' ஆகும். 'நவ்' என்பது 'தென்' ஆகும். நிகழ்காலம் இறந்தகாலமாகும். கடைசியில் 'செட்' என்கிற வினைச்சொல்லையும் எடுத்துவிட்டு, சொன்னவன் எப்படிச் சொன்னான் என்று காட்டுகிற வேறொரு வினையைப் போட வேண்டும். அதற்கு 'ரிப்போர்டிங் வெர்ப்' என்று பேர். தமிழ்ப் பாடத்தில் இதே சங்கதிக்கு நேர்க்கூற்று, அயற்கூற்று என்று பேர் வைத்திருக்கிறார்கள். அயல் என்கிற சொல் எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. நம்ம வாயிலிருந்து வந்த பேச்சு அடுத்தவன் எழுதும்போது நமக்கே அயலாகிப் போகிறது என்பதை இலக்கணமே ஒப்புக்கொள்கிற மாதிரி இருக்கிறது.

இருபது வருஷத்துக்கு மேலாக எங்கள் காலனி மன்றத்தில், பத்தாவதும் பன்னிரண்டாவதும் படிக்கிற பிள்ளைகளுக்கு ராத்திரியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து வருகிறேன். தாலுகா ஆபீசுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் ஸ்டேஷனுக்கும் போகிற எங்க சனங்களுக்கு மனு எழுதித் தருவதும் உண்டு. ஸ்பீச் நடத்துகிற வேலையும் மனு எழுதுகிற வேலையும் எனக்கு ஒரே வேலையாகத்தான் படுகிறது. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிளஸ் டூ படித்தது 1980களின் கடைசியில், பக்கத்து டவுனில். ஏவல் வாக்கியம் நடத்துகிற அன்றைக்கு வாத்தியார் போர்டில் எழுதிய வாக்கியம் 'கிவ் மீ சம் வாட்டர்.' கொஞ்சம் தண்ணி குடு. சொல்கிறவன் முதலாளி, கேட்கிறவன் வேலைக்காரன். இன்டைரக்டாக மாற்று என்றார். எங்க தெருவில் இருந்து வந்த இன்னொருத்தன் எழுந்து 'ரிக்வஸ்டட்' போட்டுச் சொன்னான். வாத்தியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏன்டா, மொதலாளி போயி வேலக்காரன்கிட்ட ரிக்வஸ்ட் பண்ணுவானாடா? ஆர்டர்ட்னு போடு."

அவன் உட்காரவில்லை. "அப்ப வேலக்காரன் மொதலாளிகிட்ட தண்ணி கேட்டா சார்?"

"பெக்ட்."

"ரெண்டு பேரும் ஒரே வார்த்ததான சார் சொன்னாங்க?"

"வார்த்தயப் பாக்காத. ஆளப் பாரு."

அந்தப் பாடத்துக்கு அவர் சொன்னதுதான் வழி. ஏவல் வாக்கியத்தை மாற்றும்போது 'செட்' நிற்காது. ஆர்டர்ட், கமாண்டட், ஆஸ்க்ட், ரிக்வஸ்டட், பெக்ட் என்று இலக்கணப் புத்தகம் ஒரு வரிசை கொடுக்கும். வாக்கியத்தில் 'ப்ளீஸ்' இருந்தால் கெஞ்சலா வேண்டுகோளா என்று கண்டுபிடித்துவிடலாம். 'ப்ளீஸ்' இல்லாவிட்டால் வாக்கியத்துக்குள்ளே ஒரு தடயமும் கிடையாது. பேசினவன் யார், கேட்டவன் யார் என்று பார்த்துத்தான் வினையைப் பொறுக்க வேண்டும். 'கிவ் மீ சம் வாட்டர்' என்கிற நாலு வார்த்தையில் உத்தரவும் இல்லை, பிச்சையும் இல்லை. தாகம் மட்டும்தான் இருக்கிறது. மிச்சத்தை எழுதுகிறவன் சேர்க்கிறான்.

தண்ணியை உதாரணமாக எடுத்தது வாத்தியாருக்குத் தற்செயலாக இருக்கலாம். எங்களுக்கு அப்படி இல்லை. என் அப்பா களத்துமேட்டில் தண்ணி கேட்டதை நான் சின்ன வயசில் பார்த்திருக்கிறேன். "ஆண்ட, தண்ணி" என்பார். அவ்வளவுதான். அதற்குமேல் வாக்கியம் போகாது. ரெண்டு கையையும் குவித்து வாயோடு சேர்த்துக் குனிந்து நிற்பார். மேலே இருந்து ஊற்றுவார்கள். ஏன் அந்த வாக்கியம் பாதியில் நின்றது என்று இலக்கணம் படித்தபிறகுதான் யோசித்தேன். 'குடு' என்று முடித்தால் அது ஏவல். ஆண்டையை ஏவ முடியாது. 'தாங்க' என்றால்கூட அது ஏவலின் மரியாதை வடிவம்தான். ஆகவே வினைச்சொல்லே இல்லாமல் பேசக் கற்றிருந்தார். எங்க தெருப் பெரியவர்கள் எல்லாருமே அப்படித்தான் பேசினார்கள். "சாமி, கூலி." "ஆண்ட, பசி." வினைச்சொல்லை அவர்கள் உடம்பு சொல்லும்.

வெள்ளைக்காரன் இலக்கணம் அப்படி, நம்ம தமிழ் இலக்கணம் அப்படி இல்லை என்று யாரும் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம். தொல்காப்பியம் சொல்லதிகாரம் இதற்கு விதியே வகுத்து வைத்திருக்கிறது. ஒரு பொருளைக் கேட்கும்போது தாழ்ந்தவன் 'ஈ' என்று கேட்க வேண்டும். சமமானவன் 'தா' என்று கேட்க வேண்டும். உயர்ந்தவன் 'கொடு' என்று கேட்க வேண்டும். மூன்றுக்கும் அர்த்தம் ஒன்றுதான், கேட்கிற ஆள்தான் வேறு. எங்க வாத்தியார் சொன்ன 'ஆளப் பாரு'வுக்கு வயசு ரெண்டாயிரம் இருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

*

வினைச்சொல்லைப் பொறுக்குவது யார் என்பதைத் தெரிந்துகொள்ள இலக்கணப் புத்தகத்தைவிட நல்ல இடம் செய்தித்தாள். எங்க பிள்ளைகளிடம் பேப்பரைக் கொடுத்து, யார் பேருக்குப் பின்னால் என்ன வினை வருகிறது என்று அடிக்கோடு போடச் சொல்வேன். போலீஸ் 'தெரிவித்தது.' அமைச்சர் 'கூறினார்', 'விளக்கினார்', 'எச்சரித்தார்.' சேரி சனம் 'குற்றம்சாட்டினர்', 'புலம்பினர்', 'கோரினர்.' பிணத்தைக் கொண்டுபோக வழி இல்லை என்று ஒரு ஊர்க்காரர் சொன்னால் அது 'குற்றச்சாட்டு.' அதே ஊரில் அமைதி நிலவுகிறது என்று அதிகாரி சொன்னால் அது 'தகவல்.' இங்கிலீஷ் பேப்பரிலும் இதே கதைதான். ஒருத்தருக்கு 'செட்', இன்னொருத்தருக்கு 'அலெஜ்ட்' அல்லது 'கிளெய்ம்ட்.' 'செட்' என்று எழுதினால் நிருபர் எந்தப் பக்கமும் சாயவில்லை. 'கிளெய்ம்ட்' என்று எழுதினால், இவர் சொல்கிறார், எனக்கு நிச்சயமில்லை என்று காதில் ஓதுகிறார். 'அட்மிட்டட்' என்று எழுதினால், ஏதோ தப்பை மறைத்து வைத்திருந்தவர் வாயைத் திறந்துவிட்டார் என்று அர்த்தம் ஆகிறது. வழக்கு நிரூபணம் ஆகும்வரை 'அலெஜ்ட்' போடுவது சட்டப்படி நியாயம்தான். ஆனால் அந்த நியாயம் ரெண்டு தெருவுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் அல்லவா?

'செட்', 'டோல்ட்' வித்தியாசத்தையும் இங்கேயே சொல்லிவிடுவேன். 'டோல்ட்' என்று எழுதினால் யாரிடம் சொன்னான் என்பது கட்டாயம் கூடவே வர வேண்டும். 'ஹி டோல்ட்' என்று சொல்லி மொட்டையாக நிற்க முடியாது. 'செட்'டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, கேட்டவர் இல்லாமலே அது நிற்கும். எங்க மனுக்களில் எத்தனை 'செட்', எத்தனை 'டோல்ட்' என்று எண்ணிப் பார்த்தால் தெரியும். எந்தத் தேதியில் எந்த அதிகாரியிடம் சொன்னோம் என்று எழுதாத மனு எல்லாம் 'செட்'தான்.

பிரதிப்பெயர் மாறுகிற இடம் அடுத்தது. நேர்க்கூற்றில் 'நான்', 'நாங்கள்' என்று இருப்பது அயற்கூற்றில் 'அவன்', 'அவர்கள்' ஆகும். நம்முடைய சரித்திரத்தில் ரொம்பப் பக்கம் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைமை பற்றி அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுத்தார். பஞ்சமி நிலத்துக்கு வழி திறந்தது அந்த அறிக்கை. அதன் பலனை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் அதில் நாம் 'அவர்கள்.' ரெண்டு வருஷம் கழித்து, 1893இல் ரெட்டமலை சீனிவாசன் 'பறையன்' என்கிற பத்திரிகையைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாச பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். 'அவர்கள்' என்று எழுதப்பட்டவர்கள் 'நாங்கள்' என்று எழுத ஆரம்பித்த காலம் அது. இந்தப் பத்திரிகைகள் மாதிரியான பக்கங்கள் இன்றைக்கும் எதற்கு வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் ஒரு இலக்கணப் பதில்தான்: தன்மை ஒருமையும் தன்மைப் பன்மையும் வேண்டும் என்பதற்காக.

*

காலம் மாறுகிற விதியில்தான் எங்க வகுப்பில் ஒரு நாள் பெரிய சண்டை வந்தது. 'வி ஆர் நாட் அலவ்ட் இன்சைட் தி டெம்பிள்' என்று நான் ஒரு வாக்கியம் போட்டிருந்தேன். எங்களைக் கோயிலுக்குள்ளே விடுவதில்லை. ரிப்போர்டிங் வெர்ப் இறந்தகாலத்தில் இருந்தால் உள்ளே இருக்கிற 'ஆர்' என்பது 'வேர்' ஆக வேண்டும். 'தே செட் தட் தே வேர் நாட் அலவ்ட்.' பதினொன்றாவது படிக்கிற ஒரு பெண் எழுந்தாள்.

"சார், வேர்னா விடாம இருந்தாங்கன்னு அர்த்தமா?"

"ஆமாம்மா."

"இப்பவும்தான விட மாட்டேங்குறாங்க? அப்புறம் எதுக்கு வேர்?"

ரூல் அப்படி என்று சொல்லி உட்கார வைத்திருந்தால் பாடம் நகர்ந்திருக்கும். ஆனால் அவள் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு இலக்கணத்திலேயே பதிலும் இருக்கிறது. சொன்ன சங்கதி இன்றைக்கும் உண்மையாக இருந்தால் நிகழ்காலத்தை அப்படியே விடலாம் என்று இங்கிலீஷ் இலக்கணம் அனுமதிக்கிறது. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று வாத்தியார் சொன்னார் என்பதை மாற்றும்போது யாரும் 'சுற்றியது' என்று எழுதுவதில்லை. எப்போதும் உண்மையாக இருப்பது என்று அதற்குத் தனிச் சலுகை. அந்தப் பெண் சொன்னாள்: "அப்ப இதுவும் சூரியன் மாதிரிதான் சார்." வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தீண்டாமையை 1950இல் அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு ஒழித்துவிட்டது. அதனாலேயே தீண்டாமை என்று யார் எழுதினாலும் பேனா தானாக இறந்தகாலத்துக்குப் போகிறது. 'இருந்தது', 'நிலவியது', 'கடைப்பிடிக்கப்பட்டது.' அன்றைக்கு ராத்திரி அந்தப் பெண்ணின் நோட்டில் 'ஆர்' என்பதை 'ஆர்' என்றே விட்டுச் சரி போட்டேன். பரிட்சையில் மட்டும் 'வேர்' எழுதச் சொன்னேன். மார்க்கும் நமக்கு வேண்டும்.

வியப்பு வாக்கியம் இன்னொரு விதம். 'அலாஸ்' என்று வந்தால் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'துக்கத்தோடு கூவினாள்' என்று எழுத வேண்டும். ஐயோ என்கிற சத்தம் அயற்கூற்றில் இருக்கக் கூடாது. சத்தம் போய், சத்தத்தைப் பற்றிய குறிப்பு வரும். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி ஆஸ்பத்திரி வாசலில் கத்தினதை ரிப்போர்ட்டில் 'கதறி அழுதார்' என்று ரெண்டு வார்த்தையில் படித்திருப்பீர்கள். அவள் கத்தும்போது யார் பேரைச் சொல்லிக் கத்தினாள் என்பது அதில் இருக்காது.

*

இதெல்லாம் உயிரை எடுக்கிற விஷயமாக மாறுகிற இடம் போலீஸ் ஸ்டேஷன்.

2017இல் நடந்தது. என் பெரியப்பா மகள், எனக்கு அக்கா. ஏரியில் நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது. குடிக்கிற தண்ணியை டிரம்மில் வைத்திருந்தார்கள். ஊற்றித் தருவதற்கு ஊர்த்தெரு ஆள் ஒருத்தர். வெயில் உச்சிக்கு வந்த நேரம், அந்த ஆள் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தார் என்று அக்கா தானே டம்ளரை எடுத்து மொண்டுவிட்டாள். அதற்குத்தான் அடி. நாற்பது பேருக்குமேல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்டேஷனில் அக்கா சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "நான் பாட்டுக்கு மோந்தேன் சார். அவன் ஓடியாந்து 'பற நாயே, டிரம்முல கைய வுட்டுட்டியே, இனிமே எவன்டி இத குடிப்பான்'ன்னான். 'இன்னா சொன்ன'ன்னேன். திரும்பியும் அதயே சொன்னான். சொல்லிட்டு அறைஞ்சான்."

இந்தப் பேச்சில் இருக்கிற 'ன்னான்', 'ன்னேன்' என்பதைக் கவனியுங்கள். எங்க சனத்தின் ரிப்போர்டிங் வெர்ப் அது ஒன்றுதான். என்றான், என்றேன். அது எந்த ஆளையும் பார்ப்பதில்லை. கெஞ்சினவனுக்கும் 'ன்னான்', அதட்டினவனுக்கும் 'ன்னான்.' அதற்கு முன்னால் வருகிற பேச்சில் ஒரு எழுத்தையும் தொடுவதில்லை. 'நீ' என்பது 'நீ'யாகவே இருக்கும், 'இங்க' என்பது 'இங்க'வாகவே இருக்கும், சொன்னவன் குரல்கூட அதில் வந்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாத என் அக்கா ஒரு வாக்குமூலத்தை எப்படிக் கொடுக்க வேண்டுமோ அப்படிக் கொடுத்தாள்.

ஸ்டேஷனில் எழுதுகிறவருக்கு ரைட்டர் என்றுதான் பேர். அவர் எழுதினார். எழுதி முடித்துக் கையெழுத்துக்கு நீட்டினார். படித்துக் காட்டுங்கள் என்று நான் கேட்டேன். முறைத்துவிட்டுப் படித்தார். மேற்படி எதிரி என்னை அசிங்கமான வார்த்தைகளால் திட்டியும், கையால் அடித்தும், மிரட்டியும் சென்றார் என்று இருந்தது.

அக்கா சொன்னாள்: "நான் இப்பிடி சொல்லலியே."

"எல்லாம் அதேதாம்மா."

"அவன் சொன்னது இதுல எங்க?"

"அசிங்கமான வார்த்தைன்னு போட்டிருக்கேன் இல்ல? அதெல்லாம் எழுத்துல எழுதுவாங்களா? நீ ஒரு பொம்பள."

"உனக்கு எழுத அசிங்கமா இருக்குது. நாற்பது பேர் முன்னால எனக்குக் கேக்க எப்பிடி இருந்திருக்கும்?"

ரைட்டருக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் செய்தது வெறும் நாகரிகம் பார்த்த வேலை இல்லை. 'அசிங்கமான வார்த்தைகளால் திட்டி' என்று இருந்தால் அது அன்றைக்கு இந்திய தண்டனைச் சட்டம் 294(பி). அடித்தது 323. மிரட்டியது 506(1). தமிழ்நாட்டில் எந்தத் தெருச்சண்டைக்கும் போடுகிற பிரிவுகள் இவை. ஸ்டேஷனிலேயே ஜாமீன் கொடுத்து அனுப்பிவிடலாம். அவன் சொன்ன அந்த ஒரு வார்த்தை மேற்கோள் குறிக்குள் வந்துவிட்டால் கதையே வேறு. 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 2015இல் திருத்தி 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தபடி, பிறர் பார்வையில் படும் இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதை 3(1)(ஆர்) என்றும், சாதிப் பேரைச் சொல்லித் திட்டுவதை 3(1)(எஸ்) என்றும் தனித்தனிக் குற்றமாக வைத்திருக்கிறது. விசாரணையை டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் செய்ய வேண்டும். முன்ஜாமீன் வழியை அந்தச் சட்டத்தின் 18ஆவது பிரிவு அடைக்கிறது. நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றின ஒரு வரியில் இவ்வளவும் காணாமல் போகிறது. மாற்றினவர் ஒரு பொய்கூட எழுதவில்லை என்பதையும் பாருங்கள். திட்டினான் என்பது உண்மை. அசிங்கமான வார்த்தை என்பதும் உண்மை.

கடைசியில் அந்த மூன்று பிரிவில்தான் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். அக்கா சொன்னதை சொன்னபடியே எழுதி, பதிவுத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்பினோம். இயக்கத் தோழர்கள் ரெண்டு முறை எஸ்.பி. ஆபீசுக்கு வந்தார்கள். அதற்கப்புறம்தான் பிரிவு மாறியது, டி.எஸ்.பி. ஊருக்கு வந்தார்.

*

கோர்ட்டில் இன்னொரு விதமான அயற்கூற்றைப் பார்த்தேன். 2022இல் அக்கா கூண்டில் ஏறினாள். எதிர்தரப்பு வக்கீல் கேட்கிறார், அக்கா பதில் சொல்கிறாள், அதை டைப் அடிக்கிறார்கள். டைப்பில் கேள்வி வராது. கேள்வியையும் பதிலையும் சேர்த்து, சாட்சியே பேசுகிற மாதிரி ஒரே வாக்கியமாக ஆக்கிவிடுவார்கள். வக்கீல் கேட்டது: "ரேஷன் கார்டு தகராறுல இருந்த பகைய மனசுல வச்சிக்கிட்டுதான் பொய்ப் புகார் குடுத்திருக்க?" அக்கா சொன்னது ஒரே வார்த்தை: "இல்ல." டைப்பில் வந்தது: ரேஷன் கார்டு சம்பந்தமான முன்விரோதத்தின் காரணமாக நான் பொய்யாகப் புகார் கொடுத்துள்ளேன் என்றால் சரியல்ல.

'நான்' என்கிற சொல்லைக் கவனியுங்கள். வக்கீலின் கதை முழுக்க அக்காவின் 'நான்' போட்டு, அக்காவின் வாக்குமூலத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. அவள் சொன்ன 'இல்ல' கடைசியில் 'என்றால் சரியல்ல' என்று வாலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. இது தப்பு இல்லை, எல்லாச் சாட்சிக்கும் கோர்ட்டில் பழகிப்போன நடை இதுதான். ஆனால் அந்த நகலை வாங்கி வந்து அக்காவுக்குப் படித்துக் காட்டியபோது அவள் பயந்துவிட்டாள். "நான் பொய்யா குடுத்தேன்னு நானே சொன்ன மாதிரி இருக்குதுப்பா" என்றாள். வாக்கியத்தின் கடைசி ரெண்டு வார்த்தையை விரல் வைத்துக் காட்டி விளக்க வேண்டியிருந்தது.

நாலு சாட்சியில் ரெண்டு பேர் பிறழ்சாட்சி ஆனார்கள். ஒருத்தர் எங்க தெருவே. அவருக்கு அந்தக் குடும்பத்து நிலத்தில்தான் வேலை. எதிரி விடுதலை. ஆனாலும் சொல்கிறேன், தீர்ப்பில் வாதியின் சாட்சியத்தை எடுத்துச் சொல்கிற பக்கத்தில், அவன் சொன்ன வாக்கியம் மேற்கோள் குறியோடு அப்படியே இருக்கிறது. அது நிரூபிக்கப்படவில்லை என்று கோர்ட் சொல்லியிருக்கிறது. சொல்லப்படவில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. மேல்முறையீட்டுக்குக் கையில் இருப்பதும் அந்தப் பக்கம்தான்.

தோற்றதை வெற்றி என்று நான் சொல்லவில்லை. ஆளைப் பார்த்து நம்புவதும் நம்பாமல் இருப்பதும் நமக்குப் புதுசா? 1968 டிசம்பர் 25ஆம் தேதி கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்தார்கள். 1973இல் உயர்நீதிமன்றம் நில உடைமையாளர்களை விடுதலை செய்தது. நிலமும் வசதியும் உள்ள பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துவந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கஷ்டம் என்கிற விதமாகத் தீர்ப்பின் காரணம் போனது. வார்த்தையப் பாக்காத, ஆளப் பாரு. எங்க வாத்தியார் அதை ஒரு மார்க் கேள்விக்குச் சொன்னார்.

*

பாபாசாகேப் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று தன் அனுபவங்களை இங்கிலீஷில் எழுதியிருக்கிறார். அதில் 1934இல் தௌலதாபாத் கோட்டைக்குப் போன சம்பவம் ஒன்று. வாசலில் இருந்த குளத்தில் அவரும் கூட வந்தவர்களும் முகம் கழுவினதற்கு, ஒரு பெரியவர் கத்திக்கொண்டு ஓடிவருகிறார். அம்பேத்கர் நினைத்திருந்தால் எங்களைக் கேவலமாகப் பேசினார் என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். எம்.ஏ., பிஎச்.டி., பாரிஸ்டர் பட்டம் எல்லாம் வாங்கின ஒரு மனிதருக்கு அந்த இழிசொல்லைத் தன் கையால் எழுதுவது சுலபமாகவா இருந்திருக்கும்? ஆனால் அந்தச் சாதிச் சொல்லை அவர் மாற்றவில்லை. சொன்னபடியே மேற்கோளில் வைத்தார். தெரியாதவர்களுக்குப் புரிய அதன் அர்த்தத்தைப் பக்கத்திலேயே எழுதினார். ஒரு சட்ட நிபுணர் சாட்சியம் எழுதுகிற விதம் அது. நம் எழுத்தில் கெட்ட வார்த்தை அதிகம் என்று மூக்கைப் பிடிக்கிறவர்களுக்கு இதைக் காட்டுங்கள். அந்த வார்த்தைகளை நாம் உண்டாக்கவில்லை. நம்மீது எறிந்ததை எறிந்தவன் பேரோடு எழுதி வைக்கிறோம்.

எங்க ராப்பள்ளிக்கூடத்தில் இப்போது ஸ்பீச் பாடத்தை ரெண்டு தரம் நடத்துகிறோம். முதல் தரம் புத்தகத்தில் இருக்கிறபடி, நேர்க்கூற்றில் இருந்து அயற்கூற்று. விதி எல்லாம் மனப்பாடம் ஆக வேண்டும். முதலாளி வேலைக்காரனிடம் கேட்டால் 'ஆர்டர்ட்', தயங்காமல் எழுது, மார்க் வாங்கு. ரெண்டாவது தரம் தலைகீழ். ஒரு செய்தியை, ஒரு அறிக்கையை, யாருக்கோ வந்த ஒரு அரசாங்கக் கடிதத்தைக் கொடுத்து, இதில் சம்பந்தப்பட்டவர் வாயால் என்ன சொல்லியிருப்பார், அதை நேர்க்கூற்றில் எழுது என்போம். பிள்ளைகள் பாட்டியிடமும் சித்தப்பாவிடமும் போய்க் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். 'கோரிக்கை விடுத்தனர்' என்பது "எங்க அய்யா பொணத்த எந்த வழியா தூக்கிம்போறது, நீயே சொல்லு" என்று திரும்பி வருகிறது.

மனு எழுதுகிற தோழர்களுக்கும் மாணவர்களுக்கும் சில காரியங்கள் சொல்லி முடிக்கிறேன். பாதிக்கப்பட்டவர் சொல்வதை முதலில் அவர் பேச்சிலேயே, 'ன்னான்', 'ன்னேன்' எல்லாம் சேர்த்து எழுதுங்கள். திருத்த வேண்டாம். திட்டிய வார்த்தையை மேற்கோள் குறிக்குள் முழுசாகப் போடுங்கள். எந்த இடம், எத்தனை மணி, யார் யார் காதில் விழுந்தது என்பதை அடுத்த வரியிலேயே எழுதுங்கள். வாயால் சொன்ன புகாரை எழுத்தில் எடுத்து, சொன்னவருக்குப் படித்துக் காட்டி, அதன்பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்பது அன்றைக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154ஆவது பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவில் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, படித்துக் காட்டுவதை அதிகாரியின் கடமையாகவே எழுதி வைத்திருக்கிறது. தலித்தோ பழங்குடியோ அல்லாத அதிகாரி வேண்டுமென்றே அதைச் செய்யத் தவறினால் ஆறு மாதத்தில் இருந்து ஒரு வருஷம் வரை சிறை. எஃப்.ஐ.ஆர். நகலைக் காசில்லாமல் தர வேண்டும். ரைட்டர் முறைப்பார். முறைக்கட்டும். படிக்கச் சொல்லிக் கேளுங்கள். நம்மாள் சொன்னது அதில் இல்லாவிட்டால், அது வருகிறவரைக்கும் பேனாவைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள்.